பாஸ்போர்ட்டும் போலீஸ் கேஸும்: சந்தேகத்துக்கு முடிவு தேதி உண்டா?

போன மாதம் வந்த குரல்பதிவுகளில் ஒன்று அவிநாசிபாளையத்திலிருந்து. கோவை–கரூர் ரோடும் திருப்பூர்–தாராபுரம் ரோடும் வெட்டிக்கொள்கிற ஊர். அந்தப் பக்கம் பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரிந்திருக்கும். பேசியவர் திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். குரலைப் போட வேண்டாம்னு கேட்டுக்கொண்டதால் நானே படிக்கிறேன்.

"அண்ணா, ஊர்ல நோம்பியப்ப ஒரு தகராறுங்க. எஃப்ஐஆர்ல பத்துப் பேரு, எம்பேரு ஏழாவது. நான் யாரையும் அடிக்கலீங்க, அங்க நின்னுட்டு இருந்தேன். இப்ப கம்பெனில ஜெர்மனிக்குப் போற டீம்ல எம்பேரப் போட்டிருக்காங்க. எனக்கு பாஸ்போர்ட்டே இல்லீங்க. கேஸ் இருந்தா ஜென்மத்துக்கும் கிடைக்காதுன்னு டீக்கடைல சொல்றாங்க. நெசமுங்களா?"

நெசம் இல்லை. ஆனால் முழுப் பொய்யும் இல்லை. நான் வக்கீல் கிடையாது, கோடு எழுதுகிற ஆள். ஆனாலும் இந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனபோது ஒரு நூறு வருஷ வரலாறு கிடைத்தது. அதில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது: இந்தியாவில் தண்டனை பெற்றவரைவிட, சந்தேகத்தில் நிற்பவருக்குத்தான் பயணம் கஷ்டம். ஏனென்றால் தண்டனைக்கு ஒரு முடிவு தேதி இருக்கிறது. சந்தேகத்துக்கு அது இல்லை. இன்றைய எபிசோடு அதைப் பற்றித்தான்.

பாஸ்போர்ட் இல்லாத காலம்

முதலில் ஒரு ஆச்சரியம். முதல் உலகப் போருக்கு முன்னால் இந்தியாவில் பாஸ்போர்ட் கட்டாயம் என்கிற வழக்கமே கிடையாது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கும், பர்மாவுக்கும், மலாயாவுக்கும் லட்சக்கணக்கான தமிழர்கள் கப்பல் ஏறியது இன்றைக்கு நாம் பார்க்கிற பாஸ்போர்ட் புத்தகம் இல்லாமல்தான்.

போர் வந்தது. இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், நாட்டை விட்டுப் போகவும் உள்ளே வரவும் பாஸ்போர்ட் கட்டாயம் ஆனது. அது போர்க்காலச் சட்டம், போர் முடிந்து ஆறு மாதத்தில் காலாவதி. காலாவதி ஆனபிறகும் அரசுக்கு அந்தக் கட்டுப்பாட்டை விட மனசு வரவில்லை. 1920-ல் இந்தியப் பாஸ்போர்ட் சட்டம் கொண்டுவந்தார்கள். ஆனால் கவனியுங்கள், அந்தச் சட்டம் இந்தியாவுக்குள் வருகிறவர்களைப் பற்றி மட்டும்தான் பேசியது. வெளியே போகிறவர்களுக்கு யார் பாஸ்போர்ட் கொடுக்கலாம், யாருக்கு மறுக்கலாம், எந்தக் காரணத்துக்காக மறுக்கலாம் என்று ஒரு வரி கூட இல்லை. அது அரசாங்கத்தின் இஷ்டம். இந்த ஓட்டையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், 47 வருஷம் கழித்து இதுதான் உச்ச நீதிமன்றத்தில் வெடிக்கப் போகிறது.

அதே 1920-ல் இங்கே தமிழ்நாட்டில் இன்னொரு காகிதத்துக்காக ரத்தம் சிந்தியது. குற்றப் பரம்பரைச் சட்டம் 1871-ல் வட இந்தியாவில் தொடங்கி, 1911-ல் வந்த புதிய சட்டம் மூலமாக சென்னை மாகாணத்துக்கும் வந்தது. இந்தச் சாதியில் பிறந்தாய், அதனால் கைரேகை கொடு, ராத்திரி போலீஸ் கண்ணில் படு, ஊரை விட்டு வெளியே போக அனுமதிச் சீட்டு வாங்கு. உசிலம்பட்டி பக்கம் பெருங்காமநல்லூரில் இதை எதிர்த்த மக்கள்மீது 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி துப்பாக்கிச் சூடு நடந்தது. சென்னை மாகாணத்தில் 1947-லும், நாடு முழுக்க 1952-லும் அந்தச் சட்டம் ஒழிந்தது. ஒருவர் எதுவும் செய்யாமலேயே அவர் நடமாட்டத்தைக் காகிதத்தால் கட்டிப்போடலாம் என்கிற யோசனை மட்டும் அவ்வளவு சுலபமாக ஒழியவில்லை. நாம் சாதாரணமாகத் திட்டப் பயன்படுத்தும் "கேடி" என்கிற சொல்லே, போலீஸ் ஸ்டேஷன் பதிவேட்டில் பழைய குற்றவாளிகளைக் குறிக்க எழுதப்பட்ட இரண்டு ஆங்கில எழுத்துகள்தான்.

ஈரோட்டுக்காரரும் சென்னைக்காரரும்

பாஸ்போர்ட் அரசாங்கத்தின் இஷ்டமாக இருந்த காலத்தில் அது எப்படி வேலை செய்தது? நமக்குத் தெரிந்த இரண்டு பேரைப் பார்ப்போம்.

ஒருவர் ஈரோட்டுக்காரர், பெரியார். 1921-ல் கள்ளுக்கடை மறியலுக்காகச் சிறை. 1924-ல் வைக்கம் போராட்டத்தில் திருவிதாங்கூர் அரசு இரண்டு தடவை சிறையில் போட்டது, இரண்டாவது தடவை கடுங்காவல். இன்றைய மொழியில் சொன்னால் அவர் மீது "ரெக்கார்டு" இருந்தது. அவர் 1931 டிசம்பரில் சென்னையில் கப்பல் ஏறி எகிப்து, துருக்கி, சோவியத் ஒன்றியம், ஜெர்மனி, இங்கிலாந்து, ஸ்பெயின் என்று கிட்டத்தட்ட ஒரு வருஷம் சுற்றிவிட்டு 1932 நவம்பரில் ஊர் திரும்பினார்.

இன்னொருவர் சென்னைக்காரர், எம்.பி.டி. ஆச்சாரியா. பாரதியாரின் 'இந்தியா' பத்திரிகையோடு வேலை செய்தவர். இளம் வயதிலேயே ஐரோப்பா போனார். 1920-ல் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர். பிரிட்டிஷ் உளவுத்துறையின் சந்தேகப் பட்டியலில் பல வருஷம் இருந்தவர். பெர்லினில் உட்கார்ந்து ஊர் திரும்ப பாஸ்போர்ட் கேட்டுக்கொண்டே இருந்தார். 1935-ல்தான் அவரால் இந்தியா திரும்ப முடிந்தது.

சிறைக்குப் போனவர் உலகம் சுற்றிவிட்டு வந்துவிட்டார். சந்தேகப் பட்டியலில் இருந்தவர் வீடு திரும்பக் காத்துக் கிடந்தார். இரண்டு பேர் கதையை வைத்து விதி எழுத முடியாதுதான். ஆனால் விதியே எழுதப்படாத இடத்தில் இப்படித்தான் நடக்கும். எழுதின தீர்ப்புக்கு எல்லை உண்டு. அதிகாரி மனதில் இருக்கும் சந்தேகத்துக்கு யார் எல்லை போடுவது?

சந்தேகத்துக்கு ஆளான ஒருவர் வாங்கிக் கொடுத்த உரிமை

சுதந்திரம் வந்தது, அரசியல் சட்டம் வந்தது. பாஸ்போர்ட் மட்டும் பழைய மாதிரியே இருந்தது.

1966 ஆகஸ்டில் டெல்லியில் சத்வந்த் சிங் சாஹ்னி என்கிற ஏற்றுமதி–இறக்குமதி வியாபாரிக்கு ஒரு கடிதம். பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுங்கள். காரணம், இறக்குமதி உரிமம் சம்பந்தமான குற்றங்களுக்காக அவர் மீது விசாரணை நடக்கிறது, வெளிநாடு போனால் திரும்பி வரமாட்டாரோ என்று அரசுக்குச் சந்தேகம். தீர்ப்பு எதுவும் இல்லை. அவர் உச்ச நீதிமன்றம் போனார். எதிர்மனுதாரராகப் பெயர் போடப்பட்ட உதவி பாஸ்போர்ட் அதிகாரியின் பெயர் டி. ராமரத்தினம். அதனால்தான் சட்ட மாணவர்கள் இன்றைக்கும் "சத்வந்த் சிங் எதிர் ராமரத்தினம்" என்று படிக்கிறார்கள்.

1967 ஏப்ரல் 10-ஆம் தேதி தீர்ப்பு. ஐந்து நீதிபதிகள், மூன்றுக்கு இரண்டு. எழுதியவர் தலைமை நீதிபதி கோகா சுப்பா ராவ், ஒரு காலத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர். அடுத்த நாளே அவர் ஜனாதிபதி தேர்தலில் நிற்பதற்காகப் பதவியை விட்டார். போவதற்கு முதல் நாள் அவர் சொல்லிவிட்டுப் போனது இதுதான்: வெளிநாடு போவது 21-ஆம் பிரிவு தரும் தனிமனிதச் சுதந்திரத்தின் பகுதி. சட்டம் இல்லாமல் அதைப் பறிக்க முடியாது. நம்மிடம் அப்படி ஒரு சட்டமே இல்லை.

இந்தச் சிந்தனைக்கு அமெரிக்காவிலும் ஒரு வரலாறு உண்டு. பாடகர் பால் ராப்சனின் பாஸ்போர்ட்டை 1950-ல் அமெரிக்க அரசு ரத்து செய்தது, கம்யூனிஸ்ட் என்கிற சந்தேகத்தில். எட்டு வருஷம் அவரால் வெளிநாட்டு மேடைகளில் பாட முடியவில்லை. 1958-ல் கென்ட் எதிர் டல்லஸ் என்கிற வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பயண உரிமையை ஏற்றபிறகுதான் பாஸ்போர்ட் திரும்ப வந்தது. அந்தத் தீர்ப்பு சத்வந்த் சிங் வழக்கிலும் பேசப்பட்டது.

நம்ம ஊருக்கு வருவோம். தீர்ப்பு வந்ததும் அரசு அவசரமாக ஒரு அவசரச் சட்டம் போட்டு, 1967 ஜூனில் அதை நாடாளுமன்றச் சட்டமாக்கியது. அதுதான் இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிற பாஸ்போர்ட் சட்டம், 1967.

சட்டத்தின் விசித்திரக் கணக்கு

அந்தச் சட்டத்தின் 6(2) பிரிவில் பாஸ்போர்ட் மறுக்கக் காரணங்கள் வரிசையாக இருக்கின்றன. நமக்கு வேண்டியது இரண்டு.

ஒன்று, தண்டனை பெற்றவர்களுக்கு. விண்ணப்பிக்கும் தேதிக்கு முந்தைய ஐந்து வருஷத்துக்குள், ஒழுக்கக்கேடான குற்றத்துக்காக, இரண்டு வருஷத்துக்குக் குறையாத சிறைத் தண்டனை பெற்றிருந்தால் மறுக்கலாம். மூன்றும் சேர்ந்து இருக்க வேண்டும். அபராதம் மட்டும் கட்டினவருக்கு இது பொருந்தாது. ஆறு மாதத் தண்டனைக்கும் பொருந்தாது. தீர்ப்பு வந்து ஐந்து வருஷம் தாண்டியிருந்தாலும் பொருந்தாது.

இரண்டு, வழக்கு உள்ளவர்களுக்கு. செய்ததாகச் சொல்லப்படும் ஒரு குற்றம் தொடர்பாக, இந்தியாவில் ஒரு குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் மறுக்கலாம். அவ்வளவுதான். எந்த மாதிரிக் குற்றம் என்று கேள்வி இல்லை. எத்தனை வருஷமாக நிலுவை என்று கேள்வி இல்லை. கொலை வழக்கும் நோம்பித் தகராறும் இந்த வரிக்கு ஒன்றுதான்.

என் தொழில் பாஷையில் சொன்னால், முதல் விதியில் மூன்று நிபந்தனையும் ஒரு காலாவதித் தேதியும் இருக்கிறது. இரண்டாவதில் ஆமாம், இல்லை என்று ஒரே ஒரு செக்பாக்ஸ். கீழ்க் கோர்ட்டில் வழக்கு பத்து வருஷம் இழுப்பது நம்ம நாட்டில் அதிசயம் இல்லை. ஆக, குற்றவாளி என்று தீர்ப்பு வந்து ஒரு வருஷம் உள்ளே இருந்துவிட்டு வந்தவருக்குச் சட்டப்படி தடை இல்லை. குற்றமற்றவர் என்று கடைசியில் விடுதலையாகப் போகிறவர், அந்த விடுதலை வரும்வரை தடையிலேயே நிற்பார்.

இதற்கு அரசுத் தரப்பில் ஒரு நியாயம் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். தண்டனை முடிந்தவர் ஓடிப்போனால் நீதிமன்றத்துக்கு நஷ்டம் இல்லை. வழக்கில் இருப்பவர் ஓடிப்போனால் வழக்கே நின்றுவிடும். பாதிக்கப்பட்டவருக்கு நியாயம் கிடைக்காது. பெரிய வங்கிக் கடன்காரர்கள் வெளிநாட்டுக்குப் போய் உட்கார்ந்த கதைகளை நாமே பார்த்திருக்கிறோம். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அந்தப் பயத்தை எத்தனை பேர் தலையில் வைப்பது, எத்தனை நாளைக்கு வைப்பது என்பதுதான் கேள்வி.

ஜெயித்தும் கைக்கு வராத பாஸ்போர்ட்

அடுத்த பெரிய வழக்கு எல்லாருக்கும் தெரியும். 1977 ஜூலையில் மேனகா காந்திக்கு ஒரு கடிதம்: "பொது நலன்" கருதி உங்கள் பாஸ்போர்ட்டை ஏழு நாளில் ஒப்படையுங்கள். என்ன காரணம் என்று கேட்டார். சொல்ல மாட்டோம், அதுவும் பொது நலன் கருதித்தான் என்று பதில் வந்தது. நெருக்கடி நிலைக் கால அத்துமீறல்களை விசாரிக்கும் ஆணையங்கள் நடந்துகொண்டிருந்த நேரம் அது. இவரும் தண்டனை பெற்றவர் இல்லை.

1978 ஜனவரி 25-ஆம் தேதி தீர்ப்பு. சட்டம் என்று ஒன்று இருந்தால் மட்டும் போதாது, அது சொல்லும் நடைமுறை நியாயமாக இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டைப் பறிக்கும் முன் அல்லது பறித்த உடனேயாவது அவர் தரப்பைக் கேட்க வேண்டும். 1950-ல் சென்னை மாகாணச் சிறையில் இருந்த ஏ.கே. கோபாலன் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் எடுத்திருந்த குறுகலான பார்வை இதோடு கிட்டத்தட்ட முடிவுக்கு வந்தது.

யாரும் பெரிதாகச் சொல்லாத ஒரு விஷயம்: அந்தத் தீர்ப்பு நாளில் மேனகா காந்தி கைக்கு பாஸ்போர்ட் வரவில்லை. அவர் தரப்பை இனி கேட்கிறோம் என்று அரசு உறுதி கொடுத்தது. பாஸ்போர்ட் நீதிமன்றப் பதிவாளரிடமே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். கொள்கை ஜெயித்தது, காகிதம் காத்திருந்தது. இந்தத் துறையில் இது ரொம்பச் சகஜம்.

1993-ல் திறந்த சின்ன ஜன்னல்

வழக்கு நிலுவையில் இருப்பவருக்கு என்ன வழி? 1993 ஆகஸ்ட் 25-ஆம் தேதி மத்திய அரசு ஒரு அறிவிக்கை வெளியிட்டது, எண் ஜி.எஸ்.ஆர். 570. வழக்கறிஞர்கள் நடுவில் இந்த எண் ரொம்பப் பிரபலம். சாரம் எளிமையானது: உன் வழக்கு எந்த நீதிமன்றத்தில் நடக்கிறதோ, அங்கே போய் வெளிநாடு போக அனுமதி உத்தரவு வாங்கி வா, நாங்கள் பாஸ்போர்ட் தருகிறோம். உத்தரவில் எத்தனை வருஷத்துக்கு என்று எழுதியிருந்தால் அத்தனை வருஷத்துக்கு. எதுவும் எழுதவில்லை என்றால் ஒரே ஒரு வருஷம். கூடவே, நீதிமன்றம் கூப்பிட்டால் வருவேன் என்று உறுதிமொழி எழுதிக் கொடுக்க வேண்டும்.

பெரும்பாலானோர் தவறவிடுவது அந்த "எத்தனை வருஷம்" என்கிற வரியைத்தான். மனுவில் கேட்காவிட்டால் உத்தரவில் வராது. உத்தரவில் வராவிட்டால் ஒரு வருஷப் பாஸ்போர்ட்தான். அதோடு விசாவுக்குப் போனால், குறைந்தது ஆறு மாதம் செல்லுபடி மிச்சம் இருக்கணும்னு கேட்கிற நாடுகளில் அப்படியே மாட்டிக்கொள்வீர்கள்.

ஒரு ஊருக்கே எஃப்ஐஆர்

இதெல்லாம் தனி ஆட்களின் கதை. ஒரு ஊரே வழக்குக்குள் போனால்?

திருநெல்வேலி மாவட்டம் இடிந்தகரை. கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கு எதிரான போராட்டம் 2011-ல் பெரிதானது. அதன்பின் கூடங்குளம் போலீஸ் ஸ்டேஷனில் வழக்குகள் குவிந்தன. 2012-ல் வெளியான உண்மை அறியும் குழு அறிக்கைப்படி, 55,000-க்கும் மேற்பட்டோர் மீது வழக்கு. அதில் சுமார் 6,800 பேர் மீது தேசத்துரோகம் அல்லது நாட்டுக்கு எதிராகப் போர் தொடுத்தல் என்கிற பிரிவுகள். எஃப்ஐஆரில் சில பெயர்களை எழுதிவிட்டு "மற்றும் பலர்" என்று போட்டால் எண்ணிக்கை இப்படித்தான் ஏறும்.

அது மீனவக் கிராமம். அந்தக் கடலோரத்து இளைஞர்கள் வளைகுடாவுக்கு வேலைக்குப் போவது பல குடும்பங்களுக்குச் சோறு. போலீஸ் சரிபார்ப்பில் வழக்கு என்று வந்ததும் பாஸ்போர்ட் விண்ணப்பங்கள் நின்றன. கூட்டத்தில் உட்கார்ந்திருந்த ஒரு நாளுக்கு, துபாய் வேலை விலை. போராட்டத்தின் முகமாக இருந்த சுப. உதயகுமாரை 2014 செப்டம்பரில் டெல்லி விமான நிலையத்தில் நிறுத்திவிட்டார்கள். அவர் போகக் கிளம்பியது நேபாளத்துக்கு, இந்தியர்களுக்குப் பாஸ்போர்ட்டே தேவைப்படாத நாடு.

இதற்கு ஒரு வருஷம் முன்பே, 2013 மே 6-ஆம் தேதி கூடங்குளம் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், அமைதி திரும்புவதற்காக போராடியவர்கள் மீதான குற்ற வழக்குகளைத் திரும்பப் பெற முயற்சி எடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தது. சொன்னது 2013. அதற்குப் பிறகும் வழக்குகள் வருஷக்கணக்கில் தொங்கின.

2018 மே 22 தூத்துக்குடி துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகும் இதே பிரச்சினை. நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் 2021 மே மாதம் கொடுத்த இடைக்கால அறிக்கையைத் தொடர்ந்து, அரசு பெரும்பாலான வழக்குகளைத் திரும்பப் பெற முடிவெடுத்தது. கைதானவர்கள் மேற்படிப்புக்கும் வேலைக்கும் போகத் தடையில்லாச் சான்று தருவது பற்றியும் அதில் பேசப்பட்டது. இதை நான் முக்கியமாக நினைக்கிறேன். வழக்கை மூடினால் மட்டும் போதாது, அது ஒருவர் வாழ்க்கையில் விட்டுவிட்டுப் போகும் தடத்தையும் அழிக்க வேண்டும்னு அரசுக் காகிதமே ஒத்துக்கொண்ட இடம் அது.

அப்புறம் நாம் எல்லோரும் பார்த்த ஒன்று, ஊரடங்கு. 2020-ல் பால் வாங்க, மருந்து வாங்க வெளியே வந்தவர்கள் பைக்கைக் கொடுத்துவிட்டு வழக்கோடு வீடு திரும்பினார்கள். 2021 பிப்ரவரியில் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி, கிட்டத்தட்ட 10 லட்சம் ஊரடங்கு வழக்குகள் திரும்பப் பெறப்படும் என்று அறிவித்தார். அதே ஆண்டு செப்டம்பரில் முதல்வர் மு.க. ஸ்டாலின், பல்வேறு போராட்டங்கள் தொடர்பான 5,570 வழக்குகளைத் திரும்பப் பெறுவதாகச் சட்டமன்றத்தில் அறிவித்தார். எண்ணிக்கையை யோசித்துப் பாருங்கள். பத்து லட்சம் வழக்கு போடுவதும் எளிது, ஒரே அறிவிப்பில் எடுப்பதும் எளிது என்றால், அந்த வழக்கின் பலத்தில் ஒருவர் பாஸ்போர்ட்டை நிறுத்தி வைப்பதில் என்ன நியாயம் மிச்சம் இருக்கிறது?

எஃப்ஐஆர் வேறு, வழக்கு வேறு

இப்போது அவிநாசிபாளையம் நண்பர் கேள்விக்கு வருவோம்.

சட்டம் சொல்வது "நீதிமன்றத்தில் நிலுவை". எஃப்ஐஆர் என்பது போலீஸ் ஸ்டேஷனில் இருக்கும் காகிதம். போலீஸ் விசாரித்து, குற்றப்பத்திரிகை தாக்கல் செய்து, நீதிமன்றம் அதைக் கோப்பில் எடுத்தபிறகுதான் நீதிமன்ற வழக்கு. உயர் நீதிமன்றங்கள் இதைப் பல தீர்ப்புகளில் சொல்லிவிட்டன. 2019 அக்டோபர் 10-ஆம் தேதி வெளியுறவு அமைச்சகமே ஒரு சுற்றறிக்கையில் எழுதிவிட்டது: எஃப்ஐஆர் பதிவாகியிருப்பதும், வழக்கு விசாரணையில் இருப்பதும் மட்டுமே அந்தத் தடைப் பிரிவுக்குள் வராது.

அதனால் நண்பா, முதலில் உங்க வக்கீல் மூலமாக ஒரே ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்க: குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகிவிட்டதா, அதில் உங்க பேர் இருக்கிறதா? எஃப்ஐஆரில் ஏழாவதாக இருந்த பெயர் குற்றப்பத்திரிகையில் இல்லாமலும் போகலாம்.

தாக்கல் ஆகவில்லை என்றால், விண்ணப்பியுங்கள். போலீஸ் அறிக்கை பாதகமாக வந்து கோவை பாஸ்போர்ட் அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தால், அந்தச் சுற்றறிக்கையைக் குறிப்பிட்டுப் பதில் கொடுங்கள். நோட்டீஸைக் கண்டுகொள்ளாமல் விடாதீங்க. நிறைய ஃபைல் மூடப்படுவது சட்டத்தால் அல்ல, பதில் போகாததால்.

தாக்கல் ஆகிவிட்டது என்றால், வழக்கு இருக்கிற நீதித்துறை நடுவர் மன்றத்தில் 1993 அறிவிக்கையின்படி மனு. கம்பெனி கடிதத்தை வையுங்கள், எத்தனை வருஷத்துக்கு பாஸ்போர்ட் வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள்.

எந்த நிலையிலும் ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். விண்ணப்பத்தில் "வழக்கு நிலுவையில் உள்ளதா" என்கிற கேள்விக்கு, உண்மை ஆமாம் என்றால், "இல்லை" என்று டிக் பண்ணாதீர்கள். ஏஜென்ட் "அதெல்லாம் நோ போட்ருங்க" என்பார். தகவலை மறைத்து வாங்கிய பாஸ்போர்ட்டை முடக்கலாம். அது தனிக் குற்றமும் கூட, இரண்டு வருஷம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நோம்பித் தகராறில் விடுதலை ஆகலாம். கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பொய்யில் விடுதலை ஆவது கஷ்டம்.

இன்னொன்று, போலீஸ் "பாஸ்போர்ட்டைக் கொடுத்துட்டுப் போ" என்று வாங்கி வைத்துக்கொள்வது. 2008-ல் சுரேஷ் நந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: போலீஸ் ஒரு பாஸ்போர்ட்டைக் கைப்பற்றலாம், ஆனால் முடக்கி வைத்திருக்கும் அதிகாரம் பாஸ்போர்ட் அதிகாரிக்கு மட்டும்தான்.

பாஸ்போர்ட் கிடைத்தாலும் அடுத்த கதவு

பாஸ்போர்ட் நம்ம நாட்டுக் கதவு. விசா அடுத்த நாட்டுக் கதவு. அங்கே கேள்வி மாறும்.

ஜெர்மனிக்குக் கண்காட்சிக்கோ பையரைப் பார்க்கவோ போகும் குறுகிய கால ஷெங்கன் விசாவின் பொதுப் படிவத்தில் பழைய தண்டனை பற்றித் தனிக் கேள்வி இல்லை. அமெரிக்க விசா படிவம் நேரடியாகக் கேட்கும்: எப்போதாவது கைது செய்யப்பட்டிருக்கிறீர்களா, தண்டனை பெற்றிருக்கிறீர்களா, மன்னிப்புக் கிடைத்திருந்தாலும் சொல்லுங்கள். அதாவது விடுதலையான வழக்கின் கைதும் அந்தக் கேள்விக்குள் வரும். சொல்லிவிட்டு, தீர்ப்பு நகலையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

கனடா வேறு மாதிரி. நீங்கள் செய்த குற்றம் கனடாவில் நடந்திருந்தால் என்ன குற்றமாகும் என்று பார்ப்பார்கள். நம்ம ஊரில் குடித்துவிட்டு வண்டி ஓட்டி, கோர்ட்டில் 10,000 ரூபாய் அபராதம் கட்டிவிட்டு மறந்துவிடுகிறோம். அபராதம் கட்டினது குற்றத்தை ஒப்புக்கொண்ட தண்டனை. பாஸ்போர்ட் சட்டத்துக்கு அது பொருட்டே இல்லை. கனடாவில் 2018 டிசம்பர் முதல் அதற்கு அதிகபட்சத் தண்டனை பத்து வருஷம், அதனால் கடுங்குற்ற வரிசை. ஆனால் அங்கேயும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். தண்டனை முழுதாக முடிந்து ஐந்து வருஷம் ஆனபின், "நான் திருந்திவிட்டேன்" என்று நிரூபித்து விண்ணப்பிக்கலாம்.

வேலைக்கும் குடியேறவும் போகிறவர்களிடம் பல நாடுகள் போலீஸ் நற்சான்று கேட்கும். அதையும் பாஸ்போர்ட் அலுவலகம்தான், மறுபடி போலீஸ் சரிபார்ப்புக்குப் பிறகு கொடுக்கிறது. ஆக, வழக்கு முடிந்திருந்தால் ஸ்டேஷன் பதிவேட்டிலும் முடிந்ததாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கோர்ட்டில் விடுதலை ஆகியும் ஸ்டேஷன் கணினியில் "நிலுவை" என்றே நின்றுகொண்டிருக்கலாம். டேட்டாபேஸ் வேலை பார்ப்பவனாகச் சொல்கிறேன், தகவலை ஏற்றுவதற்கு எப்போதும் ஆள் இருப்பார். புதுப்பிப்பதற்கு நீங்கதான் போய் நிற்க வேண்டும், தீர்ப்பு நகலோடு.

கடைசியாக

பயண உரிமையை நமக்கு வாங்கிக் கொடுத்தவர்கள் யார் என்று திரும்பிப் பாருங்கள். விசாரணையில் இருந்த ஒரு வியாபாரி. அரசியல் புயலுக்கு நடுவில் காரணம் சொல்லப்படாமல் நிறுத்தப்பட்ட ஒரு பெண். இருவரும் தீர்ப்பு வருவதற்கு முன்னால் நிறுத்தப்பட்டவர்கள். எந்தப் பிரச்சினையும் இல்லாமல் பாஸ்போர்ட் கையில் வாங்குகிற நாம் அனுபவிப்பது, சந்தேகத்தின் நடுவில் நின்றவர்கள் சண்டை போட்டு வாங்கிய உரிமையைத்தான்.

ஆனால் உச்ச நீதிமன்றம் வரை போக எல்லோராலும் முடியாது. இடிந்தகரைப் பையனிடம் அதற்குப் பணம் இல்லை, காத்திருக்க நேரமும் இல்லை. வளைகுடா வேலை ஒரு மாதம்தான் காத்திருக்கும். 1967 சட்டம் தண்டனைக்கு ஐந்து வருஷம் என்று எல்லை போட்டதைப் போல, நிலுவை வழக்குக்கும் ஒரு எல்லை போட்டிருக்கலாம். இத்தனை வருஷத்துக்குள் விசாரணை முடியாவிட்டால் தடை தானாக விலகும் என்று ஒரு வரி போதும். அந்த ஒரு வரி இன்னும் எழுதப்படவில்லை.

அது எழுதப்படும் வரை 1993 அறிவிக்கையும் 2019 சுற்றறிக்கையும்தான் கையில் இருப்பவை. அடுத்த தடவை டீக்கடையில் யாராவது "கேஸ் இருந்தா ஜென்மத்துக்கும் கிடைக்காது" என்று சொன்னால், "குற்றப்பத்திரிகை போட்டாச்சா?" என்று ஒரு கேள்வி மட்டும் திருப்பிக் கேளுங்கள். அடுத்த வாரம் சந்திப்போம்.